பையை யார் பிடிப்பது?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்த அன்று மாலை என் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கொலுசு கேட்கவில்லை, புது போன் கேட்கவில்லை. "தீம் பார்க் போகணும்மா. எல்லாரும் சேர்ந்து போகணும். அம்மாச்சியும் வரணும்" என்றாள்.

எல்லாரும் என்றால் ஏழு பேர். நான், என் இணையர், 16 வயது மகள், 11 வயது மகன், 69 வயது அம்மா, தம்பி, தம்பியின் மனைவி. இந்த ஏழு பேரும் சேர்ந்து ஒரு சினிமாவை முழுதாகப் பார்த்ததில்லை. மகளுக்குத் தலைகீழாகத் தொங்கும் எதைக் கண்டாலும் ஏற வேண்டும். மகன் மாடிப்படியில் இறங்கும்போதுகூடக் கைப்பிடியை விடமாட்டான். நான் கொடைக்கானல் பேருந்தில் வத்தலக்குண்டைத் தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறவள். இவர்களையெல்லாம் ஒரே நாளில், ஒரே நுழைவுச்சீட்டு விலையில், மலையடிவாரத்து ராட்டினப் பூங்கா ஒன்றில் எப்படிச் சந்தோஷமாக வைத்திருப்பது?

திட்டம் போடும் வேலை எனக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை. வீட்டில் சில வேலைகள் தாமாக வந்து நம் மடியில் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் சிக்கல் தேதி. குடும்ப வாட்ஸப் குழுவில் தம்பி ஒரு சனிக்கிழமையைப் போட்டான். ஆண்கள் இருவரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நானும் மகளும் தம்பி மனைவியும் "பாக்கலாம்" என்று போட்டோம். "என்ன பாக்கலாம்? லீவுதானே எல்லாருக்கும்?" என்றான் தம்பி. உடனே என் போனில் இரண்டு தனிச் செய்திகள். மகளுக்கு அந்த வாரம் மாதவிடாய். தம்பி மனைவிக்கும் தேதி அதை ஒட்டியே வருகிறது. தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக்கொள்ளட்டுமா என்று மகள் கேட்டாள். தோழிகள் கோயில் திருவிழாவுக்கு அப்படித்தான் செய்கிறார்களாம்.

நானும் செய்திருக்கிறேன். குலதெய்வக் கோயிலுக்காகத் தள்ளிப்போட்டிருக்கிறேன், நாத்தனார் கல்யாணத்துக்காகத் தள்ளிப்போட்டிருக்கிறேன். இப்போது ராட்டினத்துக்காகவுமா? உடம்பைத் தள்ளிப்போடுவதைவிடச் சனிக்கிழமையைத் தள்ளிப்போடுவது எளிது. குழுவிலேயே எழுதினேன்: "அந்த வாரம் எங்களில் இரண்டு பேருக்குப் பீரியட்ஸ். அடுத்த சனிக்கிழமை போகலாம்." பத்து நிமிடம் குழு மௌனமாக இருந்தது. பிறகு தம்பியிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல எனக்கு 46 வயது ஆகியிருக்கிறது.

அடுத்து, விடைத்தாள் திருத்தி மிஞ்சிய வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்துக் கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரித்தேன். ஒன்றுக்கு 'உடல்' என்று தலைப்பிட்டேன், மற்றொன்றுக்கு 'மனம்'. உடல் எதை அனுமதிக்கிறது, மனம் எதை விரும்புகிறது. இந்த இரண்டும் தெரிந்தால் போதும், யார் எதில் ஏறலாம் என்று பிரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

உடல் பத்தி எளிதாக நிரம்பியது. பெரிய சவாரிகளுக்கு 140 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து வலி, முதுகு வலி, வலிப்பு உள்ளவர்கள் ஏறக் கூடாது. கர்ப்பிணிகள் ஏறக் கூடாது. அம்மா ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாள், மூட்டு வலியும் உண்டு. மருத்துவரிடம் கேட்டோம். வேகமாகத் தூக்கிப்போடும் எதுவும் வேண்டாம், உயரத்திலிருந்து விழுவது வேண்டாம், தண்ணீரில் துணையோடு இறங்கலாம் என்றார்.

மகனைச் சுவரோடு நிறுத்தி அளந்தேன். 137. அளக்கும்போது அவன் முட்டியை லேசாக மடக்கியிருந்ததைப் பார்த்தேன். பார்க்காததுபோல 137 என்றே எழுதிக்கொண்டேன். தம்பி அன்று வீட்டுக்கு வந்திருந்தான். "சே, மூணு சென்டிமீட்டர்ல போச்சேடா மாப்ள. ஆம்பளப் பையன், ஜாலியா ஏறியிருக்கலாம்" என்றான். மகன் வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். பயமாக இருக்கிறது என்று சொல்லி இறங்க அவனுக்கு வழியில்லை. உயரம் போதவில்லை என்றால் இறங்கலாம். 11 வயதிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

என்னைப் பற்றியும் எழுதினேன். காதுக்குள் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள திரவம் அசைவதை வைத்துத்தான் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குத் தெரிகிறது. காது ஒன்றைச் சொல்லி, கண் வேறொன்றைச் சொன்னால் வயிறு புரட்டும். மலைப்பேருந்தில் முன்சீட்டு முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடப்பது அதுதான். இந்தத் தொல்லை ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே இது மனப்பிராந்தியில்லை, உடம்பு. காலிவயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. சவாரியில் நடு இருக்கை நல்லது. கடைசிப் பெட்டி மேட்டைத் தாண்டும்போது அதிகமாகச் சுண்டி இழுக்கும். இதையெல்லாம் படித்துக் குறித்துக்கொண்டேன்.

மனம் பத்திதான் நிரம்ப மறுத்தது. ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டேன். தம்பி எதில் வேண்டுமானாலும் ஏறுவேன் என்றான். இணையர், "யாராவது கீழே நின்னு போட்டோ எடுக்கணுமே" என்றார். 18 வருடத் திருமண வாழ்க்கையில் மூன்று பொருட்காட்சிக்கும் இரண்டு பூங்காவுக்கும் போயிருக்கிறோம். அவர் எதிலும் ஏறியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்களிடம் அழகான படங்கள் மட்டும் நிறைய இருக்கின்றன. ஏறப் பயப்படும் ஆணுக்குக் கேமரா இருக்கிறது. அது ஒரு கௌரவமான வேலை. கீழே நிற்கும் பெண்ணுக்குப் பை இருக்கிறது.

அம்மாவைக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல், "எனக்கென்னத்தா, நான் பையப் பாத்துக்கிறேன்" என்றாள்.

எனக்கு மதுரை தமுக்கம் மைதானம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வருடமும் சித்திரைப் பொருட்காட்சிக்கு அப்பா எங்களை அழைத்துப்போவார். அரசுத் துறை அரங்குகள், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, மரணக் கிணறு, கடைசியில் ராட்சச ராட்டினம். அப்பாவும் நானும் தம்பியும் ஏறுவோம். அம்மா கீழே நிற்பாள். கையில் கட்டைப்பை. அதில் தண்ணீர், புளியோதரைப் பொட்டலம், துண்டு, தம்பிக்கு மாற்றுச் சட்டை, சவாரிக்கு முன் கழற்றிக் கொடுத்த அப்பாவின் மூக்குக்கண்ணாடி. இன்னொரு கையில் எங்கள் மூவரின் செருப்பு. உச்சியில் ராட்டினம் நிற்கும்போது நான் அம்மாவைத் தேடுவேன். அந்தக் கூட்டத்தில் அவளைக் கண்டுபிடித்துக் கையாட்டுவேன். அவள் அண்ணாந்து பார்த்துச் சிரிப்பாள், பதிலுக்குக் கையாட்டமாட்டாள். அதற்காக ஒருமுறை கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். அவளுக்கு இரண்டு கையிலும் சாமான் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

மகள் தரையில் உட்கார்ந்து, "ஏன் அம்மாச்சி, உங்களுக்குப் பயமா?" என்று கேட்டாள்.

"பயமா? எனக்கா?" அம்மா கீரையைக் கீழே வைத்தாள். "எங்கூர்க் கெணத்துல நான் குதிக்கிறதப் பாத்துட்டு எங்கண்ணன் ஓடிருவான்."

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். தோட்டத்துக் கிணறு. கிணற்றுமேட்டில் ஒரு வேம்பு, அதன் கிளை கிணற்றுக்கு மேலே நீண்டிருக்குமாம். அம்மா அந்தக் கிளையில் நடந்துபோய், அங்கிருந்து குதிப்பாள். குதித்தால் மட்டும் போதாது, அடிவரை போய்ச் சேற்றை ஒரு பிடி அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்ட வேண்டும். சேறு இல்லாமல் வந்தால் அது குதித்த கணக்கில் வராது. 1969இல், அவளுடைய 13ஆம் வயதில் அது முடிந்தது. "ஆளாயிட்ட, இனிமேக் கெணத்துப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்னு எங்காத்தா சொல்லிருச்சு. அதோட சரி." சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடமாக வகுப்பில் புறநானூற்று 243ஆம் பாட்டை நடத்துகிறேன். தண்டூன்றி, இருமலுக்கு நடுவே விட்டுவிட்டுப் பேசும் ஒரு கிழவர் தன் இளமையை நினைத்துக்கொள்ளும் பாட்டு. மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டும் பெண்களோடு கைகோத்து விளையாடியது, மருதமரத்தின் உயர்ந்த கிளையிலிருந்து, கரையில் நிற்பவர்கள் திகைக்க, ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்தது, அந்த இளமை இப்போது எங்கே என்று அவர் இரங்குவது. மாணவிகளுக்கு மிகவும் பிடித்த பாட்டு. குதித்தவன் ஓர் ஆண் என்பதை நான் ஒருநாளும் கேள்வியாக எடுத்ததில்லை. அந்தப் பெண்கள் கிழவிகளான பிறகு எதை நினைத்துக்கொண்டார்கள் என்று பாட்டில் இல்லை. அடிமணல் அள்ளிய ஒருத்தி என் வீட்டுச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டேன். 'வீடு' என்று தலைப்பிட்டேன். உடல் அனுமதித்து, மனமும் விரும்பிய பிறகு, வீடு என்ன சொல்கிறது?

பயத்தைப் பற்றித் தமிழில் நிறையப் படித்தவள் நான். அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைப் பெண்ணுக்கு உரியவை என்று தொல்காப்பியம் வகுக்கிறது. ஆணுக்கு உரியவை பெருமையும் உரனும். அப்படியென்றால் பயம் எங்களுக்கு வந்த உணர்ச்சி அல்ல, கொடுக்கப்பட்ட இலக்கணம். கொடுக்கப்பட்டதை எங்கள் பெண்கள் சாமர்த்தியமாகப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். கலித்தொகை 37ஆம் பாட்டில் ஊசலாடும் ஒரு பெண், தன்னைச் சுற்றி வந்தும் வாய் திறக்காத ஒருவனிடம் ஊசலைக் கொஞ்சம் ஆட்டிவிடச் சொல்கிறாள். அவன் ஆட்ட, கை நழுவியதுபோலப் பொய்யாக அவன் மார்பில் விழுகிறாள். அவன் உண்மையென்று நம்பித் தாங்கிக்கொள்கிறான். அவளுக்குப் பயமே இல்லை, பயம் அவளுக்கு ஓர் ஒப்பனை. அம்மாவுக்கும் பயம் இல்லை. ஆனால் 'பையப் பாத்துக்கிறேன்' என்பது ஒப்பனைகூட இல்லை. 56 வருடமாகச் சொல்லிச் சொல்லி அது அவள் விருப்பம்போலவே ஆகிவிட்டது.

ரோலர் கோஸ்டருக்கு வயது 140க்கு மேல் ஆகிறது. 1884இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்க்கஸ் தாம்சன் என்பவர் அமைத்த தண்டவாளச் சவாரி மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில்தான் போனது, கட்டணம் 5 சென்ட். ஓட்டமாய் ஓடினால் முந்திவிடலாம், ஆனாலும் கூட்டம் அலைமோதியது. அன்றும் இன்றும் அங்கே விற்பது ஒரே சரக்குதான்: ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதத்தோடு கூடிய பயம். டவுன் பஸ்ஸில் ஊக்கை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனவள் நான். கடைசிப் பேருந்தில் இறங்கி, சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை நடப்பவள். உத்தரவாதமில்லாத பயம் எங்களுக்குத் தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. அதையெல்லாம் தாண்டி வருகிறவளை ராட்டினத்தில் ஏறவில்லை என்பதற்காகப் 'பயந்தாங்கொள்ளி' என்பது வேடிக்கை.

மூன்றாவது பத்தியில் என் பெயருக்கு நேரேயும் எழுத வேண்டியிருந்தது. 'படித்தவள், மேடையில் பேசுகிறவள், பெண்ணியக் கவிதை எழுதுகிறவள், கீழே நின்றால் மகள் என்ன நினைப்பாள்?' இதுவும் வீடுதான். கொஞ்சம் புதிதாகக் கட்டிய வீடு.

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு தம்பி மனைவி போன் செய்தாள். மெதுவாகப் பேசினாள், குளியலறையிலிருந்து பேசுகிறாள் என்று எதிரொலியில் தெரிந்தது.

"அண்ணி, நான் ஏறலைன்னா 'என்ன, விசேஷமா'ன்னு கேப்பாங்க. ஏறினா 'அப்ப இன்னும் ஒண்ணும் இல்லையா'ன்னு கேப்பாங்க. நான் வரலைன்னு சொல்லிரட்டுமா?"

அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அந்தக் கேள்வியை நானும் அவளிடம் கேட்டிருக்கிறேன், இரண்டு முறை. அக்கறையாகக் கேட்டதாகத்தான் அன்று நினைத்தேன். ஒரு பலகையில் 'கர்ப்பிணிகள் ஏறக் கூடாது' என்று எழுதியிருப்பது பாதுகாப்புக்காக. அதே பலகைக்கு முன்னால் கல்யாணமான ஒரு பெண் நின்றால், அவள் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு குடும்பமே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏறுவதும் பதில், ஏறாததும் பதில். பிடிக்கவில்லை என்று ஏறாமலிருக்க அவளுக்கு இடமே இல்லை.

அன்றே ஒரு தாளில் நான்கு விதி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன், படமெடுத்துக் குழுவிலும் போட்டேன்.

ஒன்று: யார் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

இரண்டு: வரிசையில் நின்ற பிறகும், இருக்கைக்குப் பக்கத்தில் போன பிறகும், யாரும் திரும்பி வரலாம்.

மூன்று: பைகள் லாக்கரில். யார் மடியிலும் இல்லை.

நான்கு: காலையில் அவரவர் விருப்பத்துக்கு இரண்டிரண்டு பேராகப் பிரியலாம். ஒரு மணிக்குச் சாப்பாட்டில் சந்திக்கலாம். அதன் பிறகு எல்லாரும் தண்ணீருக்கு.

"ஏன்னு கேக்கக் கூடாதுன்னா எப்படிக்கா? ஒரு பேச்சுக்குக் கேக்கிறதுதானே?" என்றான் தம்பி. "அந்தப் பேச்சுதான் வேணாங்கிறேன்" என்றேன். முதல் விதி யாருக்காக எழுதப்பட்டது என்று அவனுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது. ஒரு இதயக் குறி அனுப்பினாள்.

அம்மாவுக்கு உடை வாங்கினோம். நீர் விளையாட்டுக்குச் சேலை ஆகாது, பருத்தியும் ஆகாது, நைலான் வேண்டும். 69 வயதில் முதன்முதலாகப் பேன்ட் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். "நாலு பேரு பாத்தா என்னத்தா நெனைப்பாக?" என்றாள். "அந்த நாலு பேரும் அங்க ட்ரவுசரோடதான் நிப்பாங்க அம்மாச்சி" என்றாள் மகள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதிகாலை நான்கரைக்கு வேனில் கிளம்பினோம். வெளி உணவு உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் புளியோதரையை வாகன நிறுத்தத்திலேயே, வேனுக்குள் உட்கார்ந்து, அளவாகச் சாப்பிட்டோம். உள்ளே போனதும் கட்டைப்பையையும் மற்றவற்றையும் லாக்கரில் வைத்துப் பூட்டினேன். அம்மாவின் கை கொஞ்ச நேரம் தவித்தது. பிடிக்க எதுவுமில்லாமல் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தாள், விட்டாள், பிறகு பேரனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெயிலும் வரிசையும் ஏறுவதற்கு முன் பெரிய சவாரி. மகளும் நானும் ரோலர் கோஸ்டர் வரிசையில் நின்றோம். "உனக்கு வேணாம்னா போம்மா, ரெண்டாவது விதி இருக்கு" என்றாள். வயிற்றில் புளியைக் கரைத்தது. காலையில் தின்ற புளியோதரையும் சேர்ந்தே கரைந்தது. ஆனாலும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இத்தனை வருடமாக என் பெயரில் சொல்லப்படும் இந்தப் பயம் என்னுடையதுதானா? எலுமிச்சம்பழத்தை என் கையில் முதலில் வைத்தது யார்? பேருந்துக்குச் சரி. ராட்டினத்துக்கு நான் எப்போது பயந்தேன்? தமுக்கத்தில் உச்சியிலிருந்து கையாட்டியவள்தானே?

நடு இருக்கை. தோள்மேல் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. வண்டி டக் டக் என்ற சத்தத்தோடு மேட்டில் ஏறியது. அந்தச் சத்தம் வண்டி பின்னால் வழுக்கிவிடாமல் பிடிக்கும் பல்லினுடையது என்று படித்திருந்தேன், அது அப்போது ஒரு ஆறுதலையும் தரவில்லை. உச்சியில் ஒரு கணம் மலை தெரிந்தது. பிறகு விழுந்தோம். இருக்கையும் உடம்பும் சேர்ந்து விழும்போது எடை இல்லாமல் போகிறது. அடிவயிறு தனியாக மேலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினாள். வீட்டில் அவள் அப்படிக் கத்த நாங்கள் விட்டதில்லை. நான் கத்தவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி, குப்பைத்தொட்டி வரை நடந்து, வாந்தி எடுத்தேன். மகள் முதுகைத் தடவிவிட்டாள்.

"பயந்துட்டியாம்மா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல. பயமா இல்ல. எனக்குப் பிடிக்கல."

"இன்னொரு தடவ?"

"மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைக் கொப்பளித்துக்கொண்டே சிரித்தேன். விடுதலைக்கான சவாரி என்று ஒரு கவிதை எழுதிவிடலாம் என்ற ஆசை உள்ளூர இருந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. பயம் என்பது மற்றவர்கள் என்னைப் பற்றிச் சொன்னது. பிடிக்கவில்லை என்பது நான் ஏறிப்பார்த்துச் சொல்வது. இனி நான் கீழே நின்றால் அது என் 'வேண்டாம்'. மகள் அடுத்த சுற்றுக்குத் தனியாக ஓடினாள். நான் அங்கேயே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

தம்பி மனைவி அதே வரிசையில் தம்பியோடு நின்றாள். இருக்கை வரை போனாள். பிறகு திரும்பி, பக்கத்து வழியாக வெளியே நடந்து வந்தாள். தம்பி "ஏன்..." என்று வாயைத் திறந்தான். அந்த ஒரு சொல்லோடு மூடிக்கொண்டான். அவள் வந்து என் அருகில் நின்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு எலுமிச்சைச் சாறு குடித்தோம். அவள் காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாப்பாட்டில் மகன் ஓடிவந்து காதில் சொன்னான்: "அம்மா, அப்பாவுக்கும் பயமாம்! அவரே சொன்னாரு!" மோதல் கார் ஓட்டிவிட்டு இருவரும் நிழலில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கிறார். இணையர் என்னைப் பார்க்காமல் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். கேமரா லாக்கரில் இருந்தது. மூன்றாம் விதியின்படி அதுவும் ஒரு பைதான் என்று அவரே கொண்டுபோய் வைத்திருந்தார்.

மதியத்துக்கு மேல் தண்ணீர். அம்மா உயரமான சறுக்குக் குழாயைப் பார்த்தாள். மூன்று மாடி உயரத்திலிருந்து ஆட்கள் வளைந்து வளைந்து வந்து விழுந்துகொண்டிருந்தார்கள். "அதுல போறேன்" என்றாள்.

"வேண்டாம்மா."

சட்டென்று வந்தது என் வாயிலிருந்து. குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்: "இது டாக்டர் சொன்ன வேண்டாமா, நீ சொல்ற வேண்டாமா?"

மூன்று பத்தி போட்டு வாரக்கணக்காக நான் கண்டுபிடித்ததை அவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் சொல்ல நேரமாயிற்று. உயரத்திலிருந்து வேண்டாம் என்றது மருத்துவர். ஆனால் அந்தக் குரல் மருத்துவருடையது அல்ல. அது காலை ஒடிச்சிருவேன் என்ற குரல், 56 வருடம் தள்ளி, அவள் மகளின் வாயில். அக்கறை, பொறுப்பு, ஊருக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலை எல்லாம் கலந்தது. எங்கள் பாட்டியிடமும் இவையெல்லாம்தான் கலந்து இருந்திருக்கும்.

"பாதி டாக்டர், பாதி நான்" என்றேன்.

"அப்ப ஓம்பாதிய எடுத்துட்டு மிச்சத்தச் சொல்லு."

இருவரும் பலகை பலகையாகப் போய்ப் படித்தோம். உயரக் குழாயின் பலகையில் ரத்த அழுத்தம் இருந்தது. "சரி, விடு" என்றாள், முகம் வாடத்தான் செய்தது. அதை இனிப்பாக மாற்றி எழுத எனக்கு மனமில்லை. சில வாசல்கள் நேரம் கடந்த பிறகுதான் திறக்கின்றன, அப்போது முட்டி வலிக்கிறது. ஆளுயரமே இருந்த ஒரு சிறு சறுக்கில் தடை ஏதுமில்லை. இரட்டை மிதவையில் பேத்தியை முன்னால் உட்காரவைத்து நான்கு முறை வந்தாள். ஐந்தாம் முறை தனியாக வந்தாள்.

பிறகு அலைக்குளம். சங்கு ஊதியதும் எந்திரம் அலையைத் தள்ளும். மார்பளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒப்பந்தம். இரண்டு பக்கமும் பேரனும் பேத்தியும். நான் கரையில் நின்றேன், இந்தமுறை வேண்டித்தான் நின்றேன். அலை வந்தது. மூன்று தலையும் மறைந்தன. எனக்கு மூச்சு நின்றது. முதலில் பேத்தி எழுந்தாள், அடுத்துப் பேரன். ஒரு நொடி கழித்து, வேறு எங்கோ தள்ளி, அம்மா எழுந்தாள். வேண்டுமென்றே முங்கியிருக்கிறாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. என்னைத் தேடிப் பார்த்து, இரண்டு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

கிளம்பும்போது இருட்டிவிட்டது. லாக்கரிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தேன். ஈரத்துணிகள் சேர்ந்து கட்டைப்பை கனத்தது. வேனில் ஏறியதும் பழக்கத்தில் அது அம்மாவின் மடிக்குப் போய்விட்டது. யார் கொடுத்தது என்று தெரியவில்லை, ஒருவேளை நானாகவே இருக்கலாம். அம்மா அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு முன்சீட்டிலிருந்த தம்பியின் தோளைத் தட்டி, "டேய், இந்தா, இதப் புடி" என்று கொடுத்தாள்.

அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அம்மா சன்னலைத் திறந்து, ஈரத் தலையைக் காற்றுக்குக் காட்டியபடி, "அந்தக் கெணறு தூந்து போச்சாண்டா, இருக்கா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம்.